வல்லூறு குரலில் பேசும் ரெட்டைவால் குருவி

எங்கள் கொல்லையில் அடுத்த பறவையின் குரலை எடுத்துப் பேசுகிற பறவைகள் இரண்டு உண்டு. ஒன்று குண்டுகரிச்சான். இன்னொன்று கரிச்சான், மதுரைப் பக்கம் ரெட்டைவால் குருவி என்றால்தான் சட்டென்று புரியும். பெயர் ஒட்டி வந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். குண்டுகரிச்சான் பாட்டுக்காகப் பிறர் குரலை எடுக்கிறது, கரிச்சான் வயிற்றுக்காக எடுக்கிறது. இரண்டையும் பார்த்தும் கேட்டும் வந்ததில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. பிறர் குரலை எடுக்கிற பறவைதான் அக்கம்பக்கத்தை மிகுதியாகக் காது கொடுத்துக் கேட்கிற பறவை. யார் எந்தக் கிளையில் இருக்கிறார், யாருக்கு யாரிடம் பயம், எந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஓடுவார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

வீடு மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மாடியில் நின்றால் யானைமலை தலையிலிருந்து பின்புறம் வரை முழுசாகத் தெரியும். கொல்லை ஒன்றும் பெரிதில்லை. ஒரு வயதான வேம்பு, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா ஒருவரின் மாட்டுத் தொழுவமும் கொஞ்சம் புல்தரையும். மின்கம்பத்திலிருந்து வேம்பை ஒட்டி ஒரு கேபிள் வயர் போகிறது. நான் சொல்லப்போவதில் பாதி அந்த வயரின் மேல் நடப்பது.

என் தம்பி மகன் டெக்சாஸில் ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே அவன் வீட்டுப் பின்புறத்தில் ராத்திரியெல்லாம் பாடுகிற ஒரு சாம்பல் நிறப் பறவையைப் பதிவு செய்து அனுப்பினான். மாக்கிங்பேர்ட். அமெரிக்கக் கண்டத்துப் பறவை, நம் ஊரில் கிடையாது. 1927-இலிருந்து அதுதான் டெக்சாஸின் மாநிலப் பறவை; இன்னும் நான்கு மாநிலங்களும் அதையே தங்கள் பறவையாக வைத்திருக்கின்றன. ஓர் ஆண் பறவை தன் வாழ்நாளில் 200 பாட்டு வரைகூடச் சேர்த்துக்கொள்ளும். மற்றப் பறவைகளின் குரல், தவளைச் சத்தம், கார் அலாரம் எதையும் விடாது. ஒரு துணுக்கை நாலைந்து தடவை சொல்லும், அடுத்ததற்குத் தாவும். நடுராத்திரியில் பாடுபவை பெரும்பாலும் ஜோடி கிடைக்காத ஆண்கள். பௌர்ணமியை ஒட்டி அது இன்னும் அதிகம். "தூங்கவே விடமாட்டேங்குது அத்தை" என்று எழுதியிருந்தான். நான் அந்தப் பதிவை அன்று முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். குரல் புதுசுதான், ஆனால் அந்தப் போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் குண்டுகரிச்சான் பங்குனி, சித்திரையில் செய்வது அதைத்தான்.

குண்டுகரிச்சானை வருஷத்தில் பாதிக்கு மேல் யாரும் கவனிப்பதில்லை. கறிவேப்பிலைக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு, கறுப்பு வெள்ளையாக, வாலை நிமிர்த்தி நிமிர்த்திக் காட்டியபடி தரையில் திரியும். வெயில் ஏறுகிற மாதங்கள் வந்ததும் ஆண் பறவை ஆளே மாறிவிடும். விடியலுக்கு முன்னால், பெருமாள் கோவில் மைக் தொடங்குவதற்கும் முன்னால், வேம்பின் உச்சிக் குச்சியில் அல்லது எதிர்வீட்டு டேங்க் விளிம்பில் ஏறி உட்கார்ந்து பாடத் தொடங்கும். சீழ்க்கை போன்ற சொந்தப் பாட்டு அதற்கு உண்டு. ஆனால் அதற்குள்ளே வேறு ஆட்களும் வந்து போவார்கள். தையல்சிட்டின் விடாத கூப்பாடு வரும். அணில் கிறீச்சிடுவது வரும். கரிச்சானின் இரட்டைக் குரல்கூட வரும்.

எது அசல், எது எடுத்த குரல் என்று பிரித்துக் கேட்க ஒரு வழி உண்டு. தையல்சிட்டு தன் குரலில் கத்தினால் அதையே விடாமல் கத்தும், இடமும் தாழ்வாக, புதருக்குள்ளிருந்து வரும். குண்டுகரிச்சான் எடுத்தால் இரண்டு மூன்று முறைதான் வரும், உயரத்திலிருந்து வரும், முன்னும் பின்னும் சொந்தப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும். இதைப் பிடித்துவிட்டால் அப்புறம் அந்தப் பாட்டு வெறும் இனிமையாக இல்லாமல் ஊர்ச் செய்தியாகக் கேட்கத் தொடங்கும். மாங்குயில் எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வந்து போகிற விருந்தாளி. சித்திரையில் அது இருக்காது. ஆனால் சித்திரையில் குண்டுகரிச்சான் பாடும்போது நடுவில் மாங்குயிலின் அந்தக் குழைந்த புல்லாங்குழல் துணுக்கு ஒன்று வருவதைக் கேட்டிருக்கிறேன். வந்தவர் ஊருக்குப் போய்விட்டார், குரல் மட்டும் இங்கே தங்கியிருக்கிறது. அந்த ஒரு துணுக்குக்காகவே சித்திரை முழுக்க அலாரம் இல்லாமல் எழுந்துவிடுவேன்.

நன்றாகப் பாடுவதே இந்தப் பறவைகளுக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் மாக்கிங்பேர்டுகளைக் குஞ்சிலேயே பிடித்துக் கூண்டில் வளர்க்க விற்றார்கள், கிழக்குக் கரையில் சில இடங்களில் அவற்றைப் பார்ப்பதே அரிதாகிப்போனது. அதிபராயிருந்த தாமஸ் ஜெஃபர்சனே ஒன்றை வளர்த்தார். ஆசியாவில் அதே கதி குண்டுகரிச்சானுக்கு நேர்ந்தது. சிங்கப்பூரில் கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து 1980-களில் ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இந்தப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பங்களாதேஷில் இதே பறவைதான் தேசியப் பறவை.

இனி ரெட்டைவால். என் மனசு அதிகம் ஒட்டியிருப்பது இதனிடம்தான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கறுப்பு என்றால் பளபளக்கிற கறுப்பு, வெயில் பட்டால் நீலம் ஓடும். வாயோரத்தில் பொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி, அருகில் பார்த்தால்தான் தெரியும். வால் நுனி மீன் வாலாகப் பிரிந்திருக்கும். காலையில் முதல் வெளிச்சத்துக்கு முன்பே வயருக்கு வந்துவிடும், எல்லாப் பறவையும் அடைந்த பிறகும் தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். இரை எடுப்பது ஒரே முறையில்தான். உட்காரும், பார்க்கும், விழும், பிடிக்கும், அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும். மாடு மேய்ந்தால் மாட்டின் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். மாட்டின் காலடியில் கிளம்புகிற தத்துக்கிளியும் வெட்டுக்கிளியும் அதன் பங்கு. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் ஈசல் கிளம்பினால் அதன் பறப்பைப் பார்க்க வேண்டும். மேலே ஏறி, காற்றிலேயே உடலைத் திருப்பி, ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் தண்ணீர்ச் சட்டியில் விளக்கு வைத்து ஈசல் பிடித்துக்கொண்டிருப்பார்.

குரல் எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தொழுவத்துப் புல்தரையில் மைனாக் கூட்டம் மேயும். மைனா தரையைக் குத்திக் கிளறும், கரிச்சானுக்கு அந்த வேலை வராது. அது வயரில் உட்கார்ந்து மைனாக்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு மைனா பெரிய இரையாக ஒன்றை இழுத்தெடுக்கும் நேரம், வயரிலிருந்து வல்லூறின் குரல் கேட்கும். கூர்மையான இரண்டு அசை. மைனாக்கள் ஒன்றாக எழுந்து ஓடும், தவிட்டுக்குருவிகள் முருங்கைக்குள் பாயும், அணில் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொள்ளும். வானத்தில் வல்லூறு இருக்காது. கரிச்சான் இறங்கி, மைனா விட்டுப் போனதை எடுத்துக்கொண்டு வயருக்குத் திரும்பியிருக்கும். நம் கரிச்சான் இப்படி வல்லூறு குரலில் மைனாவை விரட்டி இரை பறிப்பதைப் பறவையியலாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் இதன் நெருங்கிய உறவினர் ஒருவர் இருக்கிறார், ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள். கலஹாரி பாலைவனத்தில் அந்தப் பறவையை டாம் ஃப்ளவர் என்ற ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு என்னை உட்கார வைத்துவிட்டது. அங்கே அது மீர்கேட் என்கிற சிறு விலங்குக் கூட்டத்தையும் அங்குள்ள தவிட்டுக்குருவி இனங்களையும் பொய்க் கூச்சலால் விரட்டி இரையைப் பறிக்கிறது. அன்றாட உணவில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிக் கிடைப்பது. ஒரே கூச்சலைத் திரும்பத் திரும்பப் போட்டால் அவை நம்புவதை நிறுத்திவிடும். அப்போது கரிச்சான் வேறு குரலுக்கு மாறுகிறது. மீர்கேட்டின் சொந்த அபாயக் குரலையே எடுத்து மீர்கேட்டிடம் போடுகிறது. கைவசம் நிறையக் குரல் இருந்தால்தான் இந்தப் பிழைப்பு நடக்கும்.

இதை ஏமாற்று என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. மைனாக்கள் ஏன் ஒவ்வொரு முறையும் ஓடுகின்றன? ஏனென்றால் கரிச்சான் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. நிஜமான வல்லூறு வேம்புப் பக்கம் வந்தால் முதலில் பார்ப்பது அது, முதலில் கத்துவது அது, முதலில் மேலே பாய்ந்து முதுகில் கொத்துவதும் அதுதான். எங்கள் கொல்லையில் மற்ற எல்லாருமாகச் சேர்ந்தாலும் வல்லூறை விரட்ட முடியாது. இது ஒன்றே விரட்டும். இடையிடையே ஒரு புழுவைப் பறித்துக்கொண்டால் மைனாக்களுக்கும் அது நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன். காவலுக்குக் கூலி.

காவல் என்று சொல்வதில் மிகை இல்லை. மாசி கடைசியில் ஜோடி வேம்புக்கு வந்துவிடும். தடித்த கிளையில் கட்டாது. ஓரத்தில், கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையில், மெல்லிய குச்சியும் வேரும் சிலந்தி நூலும் வைத்து ஒரு சின்னக் கிண்ணம். கீழிருந்து பார்த்தால் முட்டை விழுந்துவிடும் என்று பதறும் அளவுக்கு லேசானது. பெரும்பாலும் மூன்று முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரிக்கும். அந்த நாட்களில் வேம்பின் எல்லைக்குள் காக்கா நுழைய முடியாது. காக்கா அதைவிடப் பெரிய உருவம், ஆனாலும் தலைக்கு மேலே இருந்து செங்குத்தாக விழுந்து பிடரியில் கொத்தினால் திரும்பிப் பார்க்காமல் ஓடும். கள்ளப்பருந்தையும் அப்படித்தான், யானைமலைத் திசையில் வெகு தூரம் துரத்திவிட்டுத்தான் வரும்.

அதனால் மற்றச் சாதுப் பறவைகள் இதன் கூட்டை ஒட்டியே தங்கள் கூட்டையும் வைத்துக்கொள்கின்றன. எங்கள் வேம்பில் ரெட்டைவால் கூட்டுக்கு இரண்டு கிளை தள்ளித் தவிட்டுப்புறா கட்டும், அதற்குக் கீழே கொண்டைக்குருவி. புறா கட்டுவதைக் கூடு என்றே சொல்ல முடியாது, நாலு குச்சியை அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடும். அதன் குஞ்சுகள் பிழைப்பது பக்கத்துக் காவலால்தான்.

என் மாமியார் மேலூர் பக்கத்துக்காரர். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் ஒருபோகம் விளைகிற ஊர். கோழிக்குஞ்சு பொரித்திருக்கிற காலத்தில் களத்துமேட்டு மரத்தில் ரெட்டைவால் கூடு இருந்தால் கவலையே இல்லை என்பார். "பருந்து வட்டம் போடும்போதே இது ஏறிரும்த்தா. குஞ்சைத் தூக்க விடாது. அதுக்காகவே அந்த மரத்துக் கொப்புல யாரையும் கை வைக்க விடமாட்டாரு எங்க அய்யா." உழவு ஓட்டும்போது கலப்பைக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் தரையில் நடக்க, ரெட்டைவால் மட்டும் காற்றில் பிடித்துக்கொண்டு வரும் என்றும் சொல்வார். இன்று டிராக்டருக்குப் பின்னாலும் அதே வரிசைதான், கள்ளந்திரிப் பக்கம் நாற்று நடுவதற்கு முன் போனால் பார்க்கலாம்.

எங்கள் ஒத்தக்கடையில் 1965-இலிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு என்று வேளாண் துறையினர் சொல்லித்தருகிறவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பறவைத் தாங்கி. ஒரு கம்பை நட்டுக் குறுக்கே இன்னொரு கம்பைக் கட்டி வயலில் நிறுத்துவது, ஹெக்டேருக்கு 50 என்று பரிந்துரைக்கிறார்கள். செலவு இல்லை. கரிச்சான் தேடி வந்து உட்கார்ந்து காய்ப்புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். ஆனால் மருந்தடித்துப் பூச்சியே இல்லாமல் போன வயலில் கம்பை நட்டு என்ன பயன்? இரண்டில் ஒன்றைத்தான் ஆள் தேர்ந்தெடுக்க முடியும்.

மதுரைக்காரர்களுக்கு இந்தப் பறவை கோவிலிலும் உண்டு. ஆவணி மூலத் திருவிழாவில் முதல் நாள் லீலை கருங்குருவிக்கு உபதேசம் செய்தது, இரண்டாம் நாள் நாரைக்கு மோட்சம் கொடுத்தது. 64 திருவிளையாடல்களில் கரிக்குருவி 47-ஆவது. முற்பிறவியில் நல்லவனாயிருந்தும் செய்த சிறு பாவத்தால் கரிக்குருவியாகப் பிறந்தவன் கதை அது. காக்கைகள் தலையில் கொத்திக் கொத்தி ரத்தம் வடியவிட, தாங்க முடியாமல் காட்டுக்குப் போய் ஒரு மரத்தில் உட்கார்ந்திருந்தது. மரத்தடியில் ஒரு சிவபக்தர் மதுரையின் பெருமையைச் சொல்வது காதில் விழுந்தது. அங்கிருந்து பறந்து வந்து பொற்றாமரையில் மூழ்கிச் சொக்கநாதரை வணங்கியது. இறைவன் மிருத்யுஞ்சய மந்திரத்தை உபதேசித்தார். தன்னை வாட்டிய பறவைகளையெல்லாம் வெல்லும் வலிமையும் அதற்கு வந்தது, அதன் இனத்துக்கும் வந்தது.

சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்தக் குருவிக்காக அழுததுதான் ஞாபகம். இப்போது கேட்டால் கதை சொன்னவர்களின் கண்ணை நினைத்து வியக்கிறேன். காக்கையை விரட்டுகிற இத்தனை சிறிய பறவையைப் பார்த்து, இதற்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று யாரோ நெடுநாள் யோசித்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். கதையில் அந்தப் பறவைக்கு வழி பிறப்பது காதால். யாரோ யாருக்கோ சொன்னதை அது கேட்டுக்கொண்டிருந்தது. கொல்லையில் வயர் மேல் உட்கார்ந்து நாலு திசைச் சத்தத்தையும் அளந்துகொண்டிருக்கிற பறவையை நாள்தோறும் பார்க்கிற எனக்கு, கதையின் அந்த இடம் மிகச் சரியாகப் படுகிறது.

ஆளை அடையாளம் வைத்துக்கொள்வதிலும் இந்தப் பறவைகள் லேசுப்பட்டவை அல்ல. புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் மாக்கிங்பேர்டுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரே ஆள் அடுத்தடுத்து நான்கு நாள் கூட்டருகே போய்க் கையை வைத்து நின்றார். நாளுக்கு நாள் பறவை அவரைத் தூரத்திலேயே கண்டுகொண்டு சீறியது, தலையில் கொத்தவும் வந்தது. ஐந்தாம் நாள் வேறொருவர் போனபோது முதல் நாள் போலவே நிதானமாக இருந்தது. வளாகத்தில் நடந்து போகிற மற்ற நூற்றுக்கணக்கானவர்களை அது பொருட்படுத்தவே இல்லை.

எங்கள் தெருவில் மாரியம்மன் பொங்கலுக்கு வேப்பிலை ஒடிக்க ஒரு பையன் வருவான். கூடு இருந்த சமயத்தில் அவன் ஏணி போட்டு ஏறினான், இரண்டு பறவையும் மாறி மாறி அவன் தலைக்கு மேல் பாய்ந்தன. இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு குஞ்சுகள் பறந்து போகும் வரை, அவன் வெறுங்கையோடு தெருவில் நடந்து போனாலும் வயரிலிருந்து ஒன்று கிளம்பித் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். தினமும் அதே வழியாக வருகிற பால்காரரையோ என்னையோ ஒன்றும் செய்ததில்லை. மாமியார் ஆச்சரியப்படவில்லை. "அது ஆளை மறக்காதுத்தா" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆய ஆரம்பித்துவிட்டார்.

அந்த வருஷத்திலிருந்து மாசி தொடங்கி ஆடி முடியும் வரை வேம்பில் யாரும் அரிவாள் வைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பொங்கலுக்கு வேப்பிலை வேண்டுமென்றால் சுவரோரத்துக் கன்றிலிருந்து ஒடித்துக் கொடுக்கிறோம். உச்சியில் பட்டுப்போன கொப்பு ஒன்று நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை வெட்டச் சொல்கிறார்கள். இலையில்லாத அந்தக் கொப்புதான் குண்டுகரிச்சானின் பாட்டு மேடை, ரெட்டைவாலின் காவல் பரண். அது நிற்கட்டும். உங்கள் வீட்டு மரத்திலும் யார் தலையிலும் விழாத இடத்தில் அப்படி ஒரு கொப்பு இருந்தால் விட்டுவைத்துப் பாருங்கள். இன்னொன்று, கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைக்க வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் பறவை அந்தக் குரலை நிஜமான எதிரி என்று நினைத்துக் குஞ்சை விட்டுவிட்டு அலையும். ஹூஸ்டன் பதிவை நான் காதில் ஹெட்போன் மாட்டித்தான் கேட்கிறேன்.

இந்த வருஷம் மூன்று குஞ்சும் தப்பிவிட்டன. வால் முழுசாகப் பிளந்துவிட்டது, வயிற்றில் மட்டும் இன்னும் வெள்ளை வரி இருக்கிறது. அவற்றில் ஒன்று, கம்பத்துக்கு அருகே தனியாக உட்காருகிற ஒன்று, சில நாட்களாக வல்லூறு குரலை எடுத்துப் பார்க்கிறது. முதல் அசை நன்றாக வருகிறது, இரண்டாவதில் குரல் உடைந்து சொந்தக் குரலில் போய் விழுகிறது. மைனாக்கள் இன்னும் அதற்கு நகர்ந்து கொடுப்பதில்லை. ஐப்பசி மழைக்குள் தேறிவிடும் என்கிறார் மாமியார். மைனாக்கள் முதன்முதலாக அதற்குப் பறக்கிற நாளைப் பார்த்துவிட வேண்டும் என்று காலை வேலைகளையெல்லாம் பின்வாசலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.